வளரும் பிள்ளையோடு வாய் திறந்து பேசுவோம்

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கிராமக் குழுக்களுக்குமான பாடம்

நெல்லைப் பற்றிக் கேட்டால் எங்கள் விவசாயி நாள் முழுக்கப் பேசுவார். விதைத்து எத்தனையாம் நாள் பயிர் குடலைப் பருவத்துக்கு வரும், அந்த நேரத்தில் வட்டையில் தண்ணீர் வற்றினால் கதிர் என்னவாகும், எந்தப் பூச்சி எப்போது இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவருடைய வீட்டிலேயே பன்னிரண்டு வயது மகளும் பதினான்கு வயது மகனும் வளர்கிறார்கள். அவர்களுடைய பருவ மாற்றத்தைப் பற்றி அவர்களோடு பேசினீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் பிள்ளைகளோட பேசுற கதையா, சுவாமி?" என்று தலையைக் குனிந்துகொள்கிறார். தாயிடம் கேட்டால், "பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்தானே" என்கிறார். ஆசிரியரிடம் கேட்டால், "அது வீட்டில் சொல்ல வேண்டியது" என்கிறார். இருவருக்கும் இடையில் பிள்ளை தனியே நிற்கிறது.

பொத்துவில், கோமாரி, ஊறணி, கனகர் கிராமம், பாணமை என எமது கரையோரத்தில் பெயர்கள் வேறுபட்டாலும், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என வீடுகள் வேறுபட்டாலும், இந்த ஒரு விடயத்தில் எல்லா வீடுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே இம்முறைப் பாடத்தில் நாம் இதையே எடுத்துக்கொள்வோம். வளரும் பிள்ளைகளோடு உடலைப் பற்றியும் பாலியலைப் பற்றியும் யார் பேச வேண்டும், எதைப் பேச வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று பார்ப்போம்.

1. முன்பு யார் சொன்னார்கள்?

எமது முன்னோர் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நினைப்பது சரியல்ல. தாயும் தந்தையும் நேரே பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் பேசுவதற்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள். பெண் பிள்ளைக்கு அம்மம்மா இருந்தார், மாமி இருந்தார், நாலு வயது மூத்த மச்சாள் இருந்தாள். முஸ்லிம் வீடுகளில் மூத்தம்மாவும் ராத்தாவும் இருந்தார்கள். கிழக்கிலே மகள்மாரின் வீடுகள் தாய்வீட்டைச் சுற்றியே அமைவது வழக்கம். அதனால் ஒரு வளவுக்குள்ளேயே சொல்லக்கூடிய பெண்கள் நால்வர் ஐவர் இருந்தார்கள். ஆண் பிள்ளைக்கு மாமன் இருந்தார், மச்சான் இருந்தான், காவல் பரணில் இரவு முழுக்கக் கதை சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். கேலியும் பகிடியும் கலந்துதான் சொன்னார்கள். சில வேளை பிழையாகவும் சொன்னார்கள். ஆனாலும் பிள்ளைக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது.

இடப்பெயர்வு அந்த இடத்தைக் கலைத்தது. 1990 இல் கனகர் கிராமத்தவர்கள் தங்கள் குடியிருப்பை விட்டு ஓடினார்கள். அந்தக் காணிக்குத் திரும்ப இடம் கேட்டு 2018 இலும் அவர்கள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு அமர வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது கோமாரியிலும் பொத்துவிலிலும் அறுகம்பையிலும் கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. இழந்த காணியைப் பேர்ச்சில் கணக்கிட்டோம். இழந்த மாட்டையும் வள்ளத்தையும் எண்ணிப் பத்திரம் நிரப்பினோம். ஆனால் ஒரே வளவில் இருந்த அம்மம்மா ஓர் ஊரிலும், மாமி இன்னோர் ஊரிலும், மச்சாள் வெளிநாட்டிலும் சிதறிப்போனதை எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. வயல் போனதோடு காவல் பரணும் போயிற்று. பரணில் நடந்த கதையும் போயிற்று.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. காணியை இழந்த குடும்பத்தைக் காப்பாற்றத் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். மகள் பெரிய பிள்ளையான செய்தியைத் தொலைபேசியில் கேட்டு அழுத தாய்மார் எமது ஊர்களில் பலர். தகப்பனுக்கோ அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது.

ஆகவே, "எங்கள் காலத்தில் யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? நாங்கள் வளரவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். உங்களுக்குச் சொல்ல ஒரு வளவு இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த வளவு இல்லை. அதனால் அந்தப் பொறுப்பு இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

2. நாம் பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

நாம் பேசாததால் பிள்ளை எதையும் அறியாமல் இருந்துவிடுவதில்லை. கையடக்கத் தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கொவிட் காலத்தில் 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்புக்கென்றே கடன்பட்டுப் பல பெற்றோர் தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். படிப்பு வந்த வழியாலேயே மற்றவையும் வந்தன. ஆபாசப் படத்தைப் பார்க்கும் பதின்மூன்று வயதுப் பையன், ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது இப்படித்தான் என்று நம்பிவிடுகிறான். அதில் அன்பு இல்லை, சம்மதம் இல்லை, பொறுப்பு இல்லை. அது பணத்துக்காக எடுக்கப்பட்டது என்று அவனுக்குச் சொல்ல ஆளும் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிள்ளையைக் கெடுக்க நினைப்பவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் அல்லன். அயலவனாக, உறவினனாக, வகுப்பு எடுப்பவனாக, குடும்பத்துக்கு உதவி செய்பவனாக வருகிறான். அவனுடைய முதல் ஆயுதம் பிள்ளையின் அறியாமை. இரண்டாவது ஆயுதம் பிள்ளையின் வெட்கம். "இதை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் உனக்குத்தான் அடி விழும்" என்று அவன் சொல்லும்போது பிள்ளை நம்புகிறது. ஏனென்றால் வீட்டில் இதைப் பற்றி வாய் திறந்தால் அடி விழும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும்.

ஆண் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1990 களில் இலங்கையின் தென்மேற்குக் கரையோர உல்லாசப் பயண இடங்களில் ஆண் சிறுவர்கள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளான செய்திகள் நாட்டையே தலைகுனிய வைத்தன. சிறுவரைப் பாதுகாக்கச் சட்டங்கள் இறுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அறுகம்பைக்கு அலைச் சறுக்கலுக்காக உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதனால் எமது ஊருக்கு வருமானம் வருகிறது, நல்லது. ஆனால் பருவ காலத்தில் பாடசாலையை விட்டுவிட்டுக் கரையில் சுற்றும் பிள்ளைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியது பெற்றோரின் கடமை.

3. சமயம் தடுக்கிறதா?

"இதைப் பேசுவது சமயத்துக்கு விரோதம்" என்று சொல்பவர்கள் உண்டு. எமது திருச்சபையின் போதனையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளுக்கு அவர்களுடைய வயதுக்கு ஏற்றவாறு விவேகமான பாலியல் கல்வி கொடுக்கப்பட வேண்டும் என்று கூறியது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் குடும்பம் பற்றி எழுதிய மடலில், இது முதலில் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்றும், பாடசாலை அவர்களோடு ஒத்துழைக்க வேண்டும் என்றும் கற்பித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல் எழுதிய ‘அன்பின் மகிழ்ச்சி’ என்ற மடலில் இதன் தேவைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். ஆகவே பேசாமல் இருக்கும் கத்தோலிக்கப் பெற்றோர் தங்கள் மௌனத்துக்குத் திருச்சபையைக் காரணம் காட்ட முடியாது.

முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கக் கல்வியைப் பார்த்தாலும் இதே தெளிவு தெரியும். பருவமடைதல், மாதவிடாய், குளிப்புக் கடமையாதல், தொழுகைக்குச் சுத்தமாதல் பற்றிய சட்டங்கள் அங்கே ஒளிவு மறைவின்றிக் கற்பிக்கப்படுகின்றன. வணக்கத்தோடு சேர்த்துக் கற்பிப்பதால் அதில் அசிங்கம் எதுவும் இல்லை. அந்தப் பாடத்தைத் தொட்டே வீட்டில் உம்மாவும் வாப்பாவும் தொடங்கலாம்.

இந்துக் குடும்பங்களில் சாமத்தியச் சடங்கு இருக்கிறது. பந்தல் போட்டு, வீடியோ எடுத்து, ஊரைக் கூட்டி, "எங்கள் வீட்டுப் பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள்" என்று அறிவிக்கிறோம். பல குடும்பங்கள் இதற்காகக் கடன்படுகின்றன. ஊர் முழுவதற்கும் சொன்ன செய்தியை, மணவறையில் இருத்தப்பட்ட பிள்ளைக்கு மட்டும் யாரும் விளக்குவதில்லை. சடங்குக்கு முதல் நாள் அரை மணி நேரம் பிள்ளையின் அருகில் இருந்து, அவளுடைய உடலில் என்ன நடக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தச் சடங்குக்கே பொருள் கூடும்.

4. பெரியவர்கள் முதலில் அறிய வேண்டியவை

பிள்ளைக்குச் சொல்ல முன் நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும். சில அடிப்படைகளைக் கீழே தருகிறோம்.

பெண் பிள்ளை: மாற்றங்கள் பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கும். முதலில் மார்பு வளரும், உயரம் கூடும், உரோமம் வளரும். முதல் மாதவிடாய் பெரும்பாலும் 10 முதல் 15 வயதுக்குள் வரும். 15 வயதாகியும் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கருப்பையின் உட்புறத்தில் கருவுக்கென்று உருவாகும் மெத்தை போன்ற படை, கரு உண்டாகாத மாதத்தில் இரத்தத்தோடு வெளியேறுவதே மாதவிடாய். அது அழுக்கு இரத்தம் அல்ல. முதல் ஓரிரு ஆண்டுகள் மாதா மாதம் ஒழுங்காக வராமல் இருக்கலாம். ஆனால் ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்தாலோ, பாடசாலைக்குப் போக முடியாத அளவுக்கு வலித்தாலோ வைத்திய ஆலோசனை தேவை. இந்தக் காலத்தில் பிள்ளைக்கு இரும்புச் சத்து வேண்டும். முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுப்பது எமது நல்ல வழக்கம். அதோடு மீன், கீரை, முருங்கையிலை, பயறு ஆகியவற்றையும் சில வாரத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து கொடுக்க வேண்டும். துணி பாவிப்பவர்கள் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும். வெட்கத்தால் இருட்டு மூலையில் காயப்போடும் ஈரத் துணியே நோயைக் கொண்டுவரும்.

ஆண் பிள்ளை: மாற்றங்கள் பொதுவாக 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் தொடங்கும். குரல் உடையும், மீசை அரும்பும், உறுப்பு வளரும். நித்திரையில் விந்து வெளியேறலாம். இது நோயல்ல. இதனால் இரத்தம் குறைவதில்லை, உடல் மெலிவதில்லை, ஆண்மை போவதில்லை. இந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் சுவரொட்டியிலும் தொலைபேசியிலும் விளம்பரம் செய்கிறார்கள். சுயஇன்பத்தைப் பற்றி ஒவ்வொரு சமயத்துக்கும் ஒழுக்கப் போதனை உண்டு. எமது திருச்சபைக்கும் உண்டு. அந்த ஒழுக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்கலாம். அதற்காக, கண் குருடாகும், முதுகு வளையும் என்ற பொய்யைத் துணைக்கு அழைக்கக் கூடாது. ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பிள்ளை நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பாது.

இருவருக்கும்: முகப்பரு, திடீர்க் கோபம், காரணமில்லாத அழுகை, தனிமையை விரும்புதல், ஒருவர் மேல் ஈர்ப்பு வருதல் ஆகியன இப்பருவத்துக்கு உரியவை. ஈர்ப்பு வருவது குற்றம் அல்ல. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதிலேதான் பொறுப்பு இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஆணின் மாற்றமும், ஆண் பிள்ளைக்குப் பெண்ணின் மாற்றமும் தெரிய வேண்டும். மாதவிடாய் என்னவென்று அறிந்த பையன், வகுப்பில் ஒரு பிள்ளையின் சட்டையில் கறை பட்டால் சிரிக்க மாட்டான்.

தடுப்பூசி: 2017 முதல் எமது நாட்டில் ஆறாம் தர மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி பாடசாலையில் போடப்படுகிறது. இது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற பேச்சு பொய். பெற்றோர் தயங்காமல் சம்மதிக்க வேண்டும்.

5. வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலாவது, காலம் தாழ்த்தாதீர்கள். முதல் இரத்தத்தைக் கண்டு பயந்து அழுத பிறகு சொல்வதைவிட, ஒன்பது பத்து வயதில் சொல்லி வைப்பது நல்லது. மாரி வருமுன் வாய்க்காலைத் துப்புரவாக்குவது போலத்தான் இதுவும்.

இரண்டாவது, பிள்ளையை முன்னால் இருத்திப் பிரசங்கம் செய்யாதீர்கள். கை வேலை செய்துகொண்டே பேசுங்கள். கச்சான் உடைக்கும்போது, தலை வாரும்போது, வரம்பில் நடக்கும்போது, சைக்கிளில் ஏற்றிச் செல்லும்போது பேசலாம். முகத்தைப் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் இலகு. ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவும் வேண்டாம்.

தாய் இப்படித் தொடங்கலாம்: "மகள், உனக்கு இப்ப பத்து வயசாகுது. இன்னும் கொஞ்சக் காலத்தில உன்ட உடம்பில சில மாற்றம் வரும். ஒரு நாளைக்கு உடுப்பில இரத்தம் படலாம். பயப்பட வேணாம். எனக்கும் வந்தது, அம்மம்மாவுக்கும் வந்தது. எங்க நிண்டாலும் என்னட்ட சொல்லு. நான் இல்லாட்டி மாமிட்ட சொல்லு."

தகப்பன் இப்படித் தொடங்கலாம்: "மகன், உனக்குக் குரல் உடையுது, நான் கவனிச்சன். ராவில நித்திரையில உடுப்பு நனையலாம். அது வருத்தமில்ல. எனக்கும் உன்ட வயசில வந்தது. எழும்பிக் குளிச்சிட்டு உடுப்பைக் கழுவிப் போடு. வேற என்ன கேட்கணும் எண்டாலும் இப்பிடி நடந்து போகக்குள்ள கேளு."

மூன்றாவது, உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத பிள்ளையால் தனக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. அந்தப் பெயர்கள் பாடநூலிலேயே இருக்கின்றன.

நான்காவது, பிள்ளை கேட்கும் கேள்விக்கு அடிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "நல்ல கேள்வி. மருத்துவ மாதுவிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நாளைக்குச் சொல்லவும் வேண்டும். தொலைபேசியில் ஆபாசப் படம் பார்த்ததைக் கண்டுபிடித்தால், தொலைபேசியை நிலத்தில் அடித்து உடைப்பதால் பயனில்லை. "அது காசுக்கு நடிச்சு எடுக்கிறது. கலியாணம் முடிச்ச ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் அப்பிடி நடத்துறதில்ல" என்று சொல்லிவிட்டு, தொலைபேசி பாவிக்கும் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். இரவில் தொலைபேசி பெற்றோரின் அறையில் இருக்கட்டும்.

ஐந்தாவது, மறுக்கப் பழக்குங்கள். "உன்ட உடம்பு உன்னுடையது. ஆர் தொட்டாலும் உனக்குப் பிடிக்காட்டி 'வேணாம்' எண்டு சத்தமாச் சொல்லு. அங்க நிக்காத. ஓடி வந்து என்னட்ட சொல்லு. ஆர் ரகசியமா வைக்கச் சொன்னாலும் எனக்குச் சொல்லலாம். நான் உன்னை அடிக்க மாட்டன்." இதை ஒரு தடவை சொல்லிவிட்டு விடாமல், ஆண்டுக்கு நாலு தடவையாவது சொல்லுங்கள். மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரு பெண் பிள்ளை "வேணாம்" என்றால் அதன் பொருள் வேண்டாம் என்பதுதான்.

ஆறாவது, தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ஒரு பெண்ணைப் பெயர் குறித்து நியமியுங்கள். சித்தியோ, பெரியம்மாவோ, நம்பிக்கையான அயல் வீட்டுப் பெண்ணோ ஆகலாம். "உனக்கு என்ன வந்தாலும் இவரிடம் போ" என்று பிள்ளைக்கும் அவருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். தாய் தொலைபேசியில் அழைக்கும் நாளில் ஐந்து நிமிடம் மகளோடு தனியே பேச விடுங்கள். இதற்குத் தகப்பன் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அணையாடை வாங்கிக் கொடுப்பது அரிசி வாங்கிக் கொடுப்பது போன்ற வேலைதான்.

6. பாடசாலை என்ன செய்யலாம்?

எமது நாட்டுப் பாடத்திட்டத்தில் இந்த விடயம் இல்லை என்று சொல்ல முடியாது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்திலும் விஞ்ஞானத்திலும் பருவ மாற்றமும் இனப்பெருக்கமும் இருக்கின்றன. ஆனால் அந்த அத்தியாயம் வந்ததும், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டும் வகுப்பறைகள் பல.

2019 இன் இறுதியில் கல்வி அமைச்சு ஏழாம் தரத்துக்கென ‘ஹதே அபே பொத்த’ என்ற துணை நூலைத் தயாரித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நூல் பிள்ளைகளின் கைக்குப் போகவில்லை. 2025 இல் கல்விச் சீர்திருத்தத்தோடு இந்த விவாதம் மீண்டும் தலைதூக்கியபோது, எமது திருச்சபைத் தலைவர்கள் உட்படச் சமயத் தலைவர்கள் பலர் தங்கள் அச்சத்தைத் தெரிவித்தார்கள். எந்த வயதுக்கு எது பொருந்தும் என்று கேட்பது நியாயமான கேள்வி. பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் 2019 இல் ஏழாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் இன்று வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர்கள் வாதாடி முடிக்கும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்கவில்லை. புதிய நூல் வரும்வரை, இருக்கும் பாடத்தையே ஒழுங்காகக் கற்பித்தால் பெரும் பகுதி நிறைவேறிவிடும்.

இதற்கு அதிபர்களும் ஆசிரியர்களும் இவ்வாறு செய்யலாம்.

(அ) அத்தியாயத்தைத் தொடங்க முன் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, என்ன கற்பிக்கப்போகிறோம் என்று பாடநூலைத் திறந்து காட்டுங்கள். கண்ணால் பார்த்த பெற்றோருக்குச் சந்தேகம் குறையும். பள்ளிவாசல், கோயில், ஆலயப் பிரதிநிதிகளையும் அழையுங்கள்.

(ஆ) வகுப்பில் பூட்டிய பெட்டி ஒன்றை வையுங்கள். பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரு துண்டு போட வேண்டும். கேள்வி இல்லாதவர் வெற்றுத் துண்டைப் போடலாம். அப்போது யார் கேட்டார் என்று தெரியாது. ஆசிரியர் முதலில் வாசித்து ஆயத்தமாகி, அடுத்த வாரம் பதில் சொல்லலாம்.

(இ) கூச்சம் அதிகமான கேள்விகளுக்கு ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனியே அமர்த்தலாம். ஆசிரியருக்குத் தயக்கம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதி, மருத்துவ மாதுவையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ அழைக்கலாம்.

(ஈ) பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர், உள்தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத பாடசாலையில் பிள்ளை மாதம் மூன்று நாலு நாள் வீட்டில் நிற்கும். 2024 இல் வசதி குறைந்த பிரதேசப் பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்க அரசு வவுச்சர் வழங்கும் திட்டம் தொடங்கியது. உங்கள் பாடசாலைக்கு அது கிடைக்கிறதா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்டறிய வேண்டும்.

(உ) மேலதிக வகுப்பு எதுவும் பூட்டிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே நடக்கக் கூடாது. இந்த விதி ஆசிரியருக்கும், ரியூசன் நடத்துபவருக்கும், மறைக்கல்வி ஆசிரியருக்கும், மௌலவிக்கும், குருவானவருக்கும் பொதுவானது. நல்லவர் இந்த விதியால் மனம் நோக மாட்டார்.

7. சட்டம் என்ன சொல்கிறது?

1995 இல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டது. அதன்படி 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாள் என்றாலும் பாரதூரமான குற்றம். "விரும்பித்தான் போனாள்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆண் பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் துர்ப்பிரயோகமும் தண்டனைக்குரியது. பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 1995 முதல் இருபாலாருக்கும் 18. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தனியானது. அதிலும் வயதெல்லை விதிக்கப்பட வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். எந்தச் சட்டமானாலும் இளம் தாயின் உடல் ஒன்றுதான். சிறுவயதுத் தாய்மாருக்கு இரத்தச் சோகையும் உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாக வருகின்றன. குழந்தை நிறை குறைந்து பிறக்கிறது. 2016 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

போர்க் காலத்தில் ஆயுத இயக்கங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் என்று பயந்து, பதினைந்து பதினாறு வயதில் கலியாணம் முடித்து வைத்த குடும்பங்கள் பல. அந்தப் பயம் 2009 ஓடு முடிந்தது. பழக்கம் சில இடங்களில் முடியவில்லை. காதல் என்று தெரிந்ததும் "பேர் கெட்டுப்போகும்" என்று அவசரமாக முடித்து வைக்கிறோம். அதைவிடக் கொடியது, பிள்ளையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைத்துக் காரியத்தை மூடுவது. இது சமாதானமாகாது. குற்றவாளியின் கையில் பிள்ளையை வாழ்நாள் முழுவதற்கும் ஒப்படைப்பதே இதன் பொருள்.

தீங்கு நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

பிள்ளை சொல்வதை நம்புங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. பிழை உன்னுடையது அல்ல" என்று சொல்லுங்கள்.

குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைக் கழுவ வேண்டாம். உடனே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கொண்டு போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். நாட்கள் கடந்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள்.

பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடுங்கள். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம்.

படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்றால் பணம் கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. மேற்சொன்ன இடங்களிலேயே முறையிடுங்கள்.

8. குழுவாகச் சிந்திக்க

மாதர் சங்கக் கூட்டத்திலோ விவசாயிகள் சங்கக் கூட்டத்திலோ கீழுள்ள வினாக்களை எடுத்துப் பேசுங்கள். ஆண்களும் பெண்களும் முதலில் தனியாகவும் பின்பு சேர்ந்தும் பேசலாம்.

1. உங்களுக்குப் பருவ வயதில் யார் என்ன சொன்னார்கள்? அதில் எது உண்மை, எது பொய்?

2. அப்படிச் சொன்ன ஆள் இன்று உங்கள் பிள்ளைக்கு அருகில் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த இடத்தில் யாரை வைக்கலாம்?

3. உங்கள் ஊரில் பிள்ளைகள் இருட்டிய பிறகு தனியே கடக்க வேண்டிய இடங்கள் எவை? கிணறு, மலசலகூடம், வகுப்புக்குப் போகும் பாதை ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். எந்த இடத்துக்கு விளக்கு வேண்டும், எந்த இடத்துக்குக் கதவு வேண்டும்?

4. எமது பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர், தாழ்ப்பாள், வாளி மூன்றும் உண்டா? இல்லையென்றால் யார், எந்தத் திகதிக்குள் செய்வது?

5. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் ஊர்ப் பெரியவர்கள் இதுவரை என்ன செய்தார்கள்? இனி என்ன செய்ய வேண்டும்?

வீட்டு வேலை: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையோடு ஒரு தடவை, பத்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். என்ன பேசினீர்கள் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. அது உங்களுக்கும் பிள்ளைக்கும் உரியது. பேசினீர்களா இல்லையா என்பதை மட்டும் கை உயர்த்திச் சொல்லுங்கள். உயரும் கைகளை எண்ணிக் குழுவின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அந்த எண் கூட வேண்டும்.